ஓவனுக்குள் எந்தக் கிண்ணம்?



போன மாதக் கூட்டத்தில் தீர்மானம் எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டு முடித்து, டீ குடிக்கிற நேரத்தில் ஒரு பேச்சு வந்தது. பக்கத்து டவுனுக்கு வீட்டு வேலைக்குப் போய்வரும் நம் உறுப்பினர் ஒருவர் சொன்னார்:

"வேலைக்குச் சேர்ந்து மூணாவது நாள். காபி ஆறிப்போச்சு, ஓவன்ல வச்சு சூடு பண்ணிக் கொடுன்னாங்க வீட்டம்மா. நான் எவர்சில்வர் டவரா தம்ளரோட அப்படியே உள்ள வச்சு பட்டனை அமுக்கிட்டேன். படபடன்னு நெருப்புப் பொறி! வெல்டிங் பட்டறை மாதிரி. கையும் ஓடலை காலும் ஓடலை. அந்தம்மா ஓடிவந்து சுவிட்சை அணைச்சாங்க. ஓரமா கொஞ்சம் கருகினதோட போச்சு. ஆனா ரிப்பேர் வந்தா சம்பளத்துலதான் பிடிப்போம்னு சொல்லிட்டாங்க. ஒரு மாச சம்பளம் போனா குழுக்கடன் தவணையை எப்படிக் கட்டுறதுன்னு அன்னிக்கு ராத்திரி தூக்கமே இல்லை."

அவர் மேல் என்ன தப்பு? பட்டனை எப்படி அமுக்குவது என்று காட்டினார்களே தவிர, எந்தப் பாத்திரம் வைக்கலாம், எது கூடாது என்று யாரும் சொல்லித் தரவில்லை. கூட வந்த புத்தகம் ஆங்கிலத்தில். நம் வீட்டில் முப்பது வருஷமாக எவர்சில்வரைத்தான் அடுப்பில் வைக்கிறோம், அதையேதான் அவரும் செய்தார்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் இன்னொரு குழு வாய் திறந்தது. அவர்கள் ஒரு அலுவலகத்துக்கு மதியச் சாப்பாடு கொடுக்கிறார்கள். கறுப்பு பிளாஸ்டிக் டப்பாவில் குழம்பு, பொரியல். அலுவலகத்தில் சிலர் அந்த டப்பாவையே ஓவனில் வைத்திருக்கிறார்கள். டப்பா நெளிந்து, குழம்பில் பிளாஸ்டிக் வாடை. "உங்க சாப்பாடே சரியில்லை, அடுத்த மாசம் வேற ஆள் பாத்துக்கறோம்" என்று பேச்சு வந்துவிட்டதாம். சமைத்ததில் குறை இல்லை, டப்பாவில்தான் குறை. ஆனால் ஆர்டர் போனால் போனதுதான்.

"நம்ம வீட்டுல ஓவனே இல்லையே, நமக்கெதுக்கு இது?" என்று யாராவது கேட்டால், இந்த இரண்டு பேரையும் நினைத்துக்கொள்ளுங்கள். வேலைக்குப் போகிற வீட்டில், கேன்டீனில், நாம் பார்சல் கொடுக்கிற இடத்தில் என்று எங்கும் அது இருக்கிறது. சீர்வரிசையிலும் வர ஆரம்பித்துவிட்டது.

அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று முதலில் பார்ப்போம். அது புரிந்தால் எந்தப் பாத்திரம் என்பது தானாகவே புரியும். விறகடுப்பு, கேஸ் அடுப்பில் தீ பாத்திரத்தைச் சுடாக்குகிறது, பாத்திரம் சாப்பாட்டைச் சுடாக்குகிறது. மைக்ரோவேவ் ஓவனில் தீயும் கிடையாது, சிவக்கிற கம்பியும் கிடையாது. ரேடியோ அலையின் உறவுக்கார அலை ஒன்று விநாடிக்கு 245 கோடி தடவை துடித்துக்கொண்டு உள்ளே பாய்கிறது. சாப்பாட்டில் இருக்கிற தண்ணீர்ச் சத்து அந்த அலைக்கு ஏற்றபடி ஆடுகிறது, கொஞ்சம் எண்ணெயும் சர்க்கரையும் கூட. அந்த ஆட்டத்தில்தான் சூடு பிறக்கிறது. ஆகவே ஓவனில் சாப்பாடுதான் சுட வேண்டும், பாத்திரம் சும்மா ஏந்திக்கொண்டிருந்தால் போதும். அலையை உள்ளே விடுகிற பாத்திரம் நல்ல பாத்திரம். தடுக்கிறதும், தானே அலையைக் குடித்துச் சுடுகிறதும் ஆகாது.

இதைக் கண்டுபிடித்த கதை சுவாரசியமானது. 1945-ல் அமெரிக்காவில் ரேதியான் என்ற கம்பெனியில் ராடார் கருவி வேலை பார்த்த பெர்சி ஸ்பென்சர் என்பவர், கருவி பக்கத்தில் நின்றபோது சட்டைப்பையில் இருந்த மிட்டாய் உருகியதைக் கவனித்தார். அதிலிருந்து பிறந்ததுதான் இந்த அடுப்பு. 1947-ல் விற்பனைக்கு வந்த முதல் ஓவன் ஓர் ஆள் உயரம் இருந்ததாம்.

சரி, பாத்திரத்துக்கு வருவோம்.

எவர்சில்வர், அலுமினியம், பித்தளை, செம்பு, இரும்பு எதுவும் வேண்டாம். அலை உலோகத்துக்குள் நுழையாது, பட்டுத் திரும்பிவிடும். தூக்குவாளியில் மூடி வைத்த சாம்பார் பத்து நிமிஷம் ஓடினாலும் சரியாகச் சுடாது. அதைவிட மோசம், மெல்லிய விளிம்பு, கூரான முனை, இரண்டு உலோகம் ஒன்றுக்கொன்று ஒட்டி நிற்கிற இடைவெளி இவற்றில் மின்சாரம் தாவிப் பொறி பறக்கும். டவராவுக்குள் தம்ளர் நின்றதே, அதுதான் நடந்தது. முள்கரண்டி, சில்வர் ஸ்பூன், அலுமினிய ஃபாயில், பொட்டலத்தில் அடிக்கிற ஸ்டேப்ளர் பின், பிளாஸ்டிக் பையைக் கட்டுகிற கம்பி, எதுவானாலும் கதை இதேதான்.

கூட்டத்தில் ஒருவர் நல்ல கேள்வி கேட்டார். "ஓவனுக்கு உள்சுவரே தகரம்தானே, அதுல ஏன் பொறி வரலை?" உள்சுவர் வழவழவென்று ஒரே தகடாக, எர்த் இணைப்போடு இருக்கிறது. அலையை உள்ளேயே திருப்பி அனுப்பிச் சாப்பாட்டின் மேல் விழவைப்பதுதான் அதன் வேலை. நாம் வைக்கிற தம்ளர் நடுவில் தனியாக நிற்கிற உலோகம். சில ஓவனோடு கம்பெனிக்காரர்களே ஒரு கம்பி ஸ்டாண்ட் கொடுப்பார்கள். எந்த வேலைக்கு என்று அவர்கள் சொன்ன வேலைக்கு மட்டும் அதை வைக்கலாம், மற்றதுக்கு வெளியே எடுத்துவிடுங்கள்.

இன்னொரு குழப்பம் இண்டக்‌ஷன் அடுப்பால் வருகிறது. இப்போது கிராமத்திலும் பல வீட்டில் இண்டக்‌ஷன் இருக்கிறது. அதற்குக் காந்தம் ஒட்டுகிற அடிப்பாகம் உள்ள பாத்திரம்தான் வேண்டும், கண்ணாடியோ பீங்கானோ சுடாது. ஓவனுக்கு நேர் எதிர். "கரண்ட்டுல ஓடுறதுதானே ரெண்டும்" என்று இதை அதிலும் அதை இதிலும் மாற்றி வைப்பவர்கள் நிறைய. இது ஒன்றைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

அப்படியானால் எதில்தான் வைப்பது? என்னைக் கேட்டால் கண்ணாடிக் கிண்ணம்தான் முதலில். சூடு தாங்குகிற போரோசிலிகேட் கண்ணாடி என்று கேட்டு வாங்குங்கள். சாதாரணக் கண்ணாடித் தம்ளர் சாப்பாட்டின் சூட்டில் விரிசல் விடலாம். சூடு தாங்குகிற கண்ணாடியாகவே இருந்தாலும் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ஜில்லோடு நேராக உள்ளே வைக்காதீர்கள். சுடச்சுட வெளியே எடுத்து ஈரக் கல்மேடையில் வைத்தாலும் டப்பென்று உடையும். ஒரு துணியை மடித்துப் போட்டு அதன் மேல் வையுங்கள்.

அடுத்தது பீங்கான். வெள்ளை வெளேர் என்று பூ வேலை இல்லாத பீங்கான் கப், தட்டு நல்லது. தங்கக்கோடு, வெள்ளிக்கோடு போட்டது கூடாது. அந்தக் கோடு நிஜமான உலோகப் பூச்சு, ஓவனில் மினுக் மினுக்கென்று பொறி விட்டுக் கறுத்துப் போகும். கல்யாணத்துக்கு வந்த அழகான டின்னர் செட்டுகளில் பாதி இந்த வகைதான். பளபளப்புப் பூச்சு இல்லாத மண்சட்டி தண்ணீரை உறிஞ்சி வைத்திருக்கும், ஓவனில் அந்தத் தண்ணீரும் கொதித்துச் சட்டியே சுட்டுவிடும், சில சமயம் வெடிக்கும்.

பீங்கானோ கண்ணாடியோ ஓவனுக்கு ஆகுமா என்று சந்தேகம் வந்தால் ஒரு சோதனை இருக்கிறது. சூடு தாங்குகிற கண்ணாடித் தம்ளரில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி உள்ளே வையுங்கள். பக்கத்தில் சந்தேகப் பாத்திரத்தைக் காலியாக வையுங்கள். முழுச் சக்தியில் ஒரு நிமிஷம் ஓட்டுங்கள். பிறகு ஜாக்கிரதையாகத் தொட்டுப் பாருங்கள். தண்ணீர் சுட்டு, பாத்திரம் குளிர்ச்சியாக இருந்தால் ஆகும். பாத்திரம் சுட்டால் ஆகாது. தண்ணீர் வைக்க மறக்கவே கூடாது, உள்ளே குடிக்க ஒன்றும் இல்லாமல் ஓடினால் அலை திரும்பி ஓவனையே கெடுக்கும். உலோகக் கோடு போட்டதுக்கும் பிளாஸ்டிக்குக்கும் இந்தச் சோதனை வேண்டாம். முதலாவது பொறி விடும். பிளாஸ்டிக்கோ காலியாக இருக்கும்போது சுடாது, எண்ணெய்க் குழம்பு ஊற்றினால்தான் குணம் தெரியும்.

சந்தையில் "உடையாத பீங்கான்" என்று கூவி விற்கிறார்களே, தட்டினால் கட்டை மாதிரி சத்தம் வரும், அது பீங்கானே இல்லை. மெலமைன் என்கிற பிளாஸ்டிக். சாப்பிட வைத்துக்கொள்ளலாம், ஓவனில் வைக்கக் கூடாது. அது அலையைக் குடித்துத் தானே சுடும். அளவுக்கு மேல் சூடானால் அதிலுள்ள ரசாயனம் சாப்பாட்டில் இறங்கும். புளிக்குழம்பு, ரசம் மாதிரிப் புளிப்பானதில் இன்னும் அதிகமாக இறங்கும்.

இப்போது பிளாஸ்டிக். இதில்தான் அதிகம் ஏமாறுகிறோம். டப்பாவைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் முக்கோணத்துக்குள் ஒரு எண் இருக்கும், 1 முதல் 7 வரை. அது தரம் அல்ல, எந்த வகைப் பிளாஸ்டிக் என்கிற அடையாளம். 1 என்றால் தண்ணீர் பாட்டில் வகை. அதில் வெந்நீர் ஊற்றினாலே சுருங்கிப் போவதை எல்லோரும் பார்த்திருப்போம். 3 என்பது பி.வி.சி., பைப் செய்கிற இனம். 6 என்பது தெர்மோகோல் இனம். 7 என்பது மற்றதெல்லாம் சேர்ந்தது, பாலிகார்பனேட்டும் அதில் வரும். பாலிகார்பனேட் பால் பாட்டிலை 2011-ல் ஐரோப்பிய ஒன்றியமும் 2012-ல் அமெரிக்காவும் தடை செய்தன, அதிலிருந்து பிஸ்பீனால்-ஏ என்ற ரசாயனம் பாலில் கசியக்கூடும். இதில் எதுவும் ஓவனுக்கு வேண்டாம்.

5 என்ற எண்ணோடு ஆங்கிலத்தில் பி.பி. என்று இரண்டெழுத்து இருக்கும். ரத்தக்கொதிப்பு பி.பி. இல்லை, பாலிபுரோப்பிலீன்! ஓவனுக்கு என்று செய்கிற டப்பா பெரும்பாலும் இந்த வகை. ஆனால் 5 என்று இருந்தாலே போதும் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கேட்டரிங் குழுவின் கறுப்பு டப்பாவிலும் 5 தான் இருந்தது. பிறகு ஏன் நெளிந்தது? அது மெல்லிசு, சூடான சாப்பாட்டைக் கொண்டுபோகத்தான் செய்தது. தண்ணீர் 100 டிகிரியில் கொதித்து நின்றுவிடும், எண்ணெயும் சர்க்கரையும் அதைத் தாண்டிப் போகும். வத்தக்குழம்பில் எண்ணெய் மிதக்கிற கோட்டில்தான் டப்பா முதலில் உருகும், மஞ்சள் கறை ஏறி நிற்பதும் அதே கோட்டில்தான். எண் 5 இருக்க வேண்டும், கூடவே மைக்ரோவேவ் ஓவனுக்கு உகந்தது என்ற எழுத்தோ, வளைந்த அலைக்கோடு படமோ இருக்க வேண்டும். இரண்டும் இருந்தாலும் கீறல் விழுந்தது, வெளுத்தது, பழசு ஆகியவற்றை ஒதுக்கிவிடுங்கள். ஐஸ்கிரீம் டப்பா, தயிர் டப்பாவைக் கழுவிப் பத்திரப்படுத்துகிற பழக்கம் நமக்கு உண்டு (எனக்கும்தான்!). பருப்பு, கடுகு போட்டு வைக்கலாம், ஓவனுக்கு வேண்டாம்.

உகந்தது என்று எழுதியிருந்தால் முழுக்கப் பயமில்லையா? அந்த எழுத்துக்கு அர்த்தம், டப்பா உருகாது, ரசாயனம் இறங்கினாலும் விதி அனுமதிக்கிற அளவைத் தாண்டாது என்பதுதான். 2023-ல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் குழந்தை உணவு வைக்கிற பிளாஸ்டிக் டப்பாக்களை ஓவனில் 3 நிமிஷம் வைத்துப் பார்த்தார்கள். சில டப்பாவில் ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்திலிருந்தே 42 லட்சம் வரை மைக்ரோ பிளாஸ்டிக் துகள்கள் வந்தன, அதைவிடப் பொடியான துகள்கள் 200 கோடிக்கும் மேல். கண்ணுக்குத் தெரியாத துகள்கள் இவை. உடம்பில் போய் அவை என்ன செய்யும் என்ற ஆராய்ச்சி இன்னும் நடக்கிறது. அதற்குள் நாம் செய்யக்கூடியது சுலபமானது: பிளாஸ்டிக்கில் வைத்துக்கொள்ளலாம், சுடவைக்கும்போது கண்ணாடிக்கோ பீங்கானுக்கோ மாற்றிவிடலாம். ஒரு பாத்திரம் கூடுதலாகக் கழுவ வேண்டும், அவ்வளவுதான். குழந்தை சாப்பாட்டுக்கு இதில் சமரசமே வேண்டாம்.

பார்சல் தொழில் செய்கிற குழுக்களுக்குத் தனியாகச் சில வார்த்தை. பிரியாணிக்கு வருகிற அலுமினிய டப்பா, உள்ளே வெள்ளி மினுக்கும் பார்சல் பை இரண்டும் உலோகம். தெர்மோகோல் தட்டு, கப், பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப், சாப்பாடு கட்டுகிற பிளாஸ்டிக் தாள் ஆகியவை 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை, மாட்டினால் அபராதமும் உண்டு. செய்தித்தாளில் பலகாரம் மடித்துத் தருவதை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதி தடுக்கிறது, அச்சு மை சாப்பாட்டில் ஒட்டும். ஓவனில் வைத்தால் தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. அந்தக் கேட்டரிங் குழு என்ன செய்தது தெரியுமா? குழம்பை எவர்சில்வர் கேரியரில் கொண்டுபோய், அலுவலகத்துக்கென்று ஆறு கண்ணாடிக் கிண்ணம் வாங்கி அங்கேயே வைத்துவிட்டது. பார்சலாகக் கேட்பவர்களுக்கு டப்பா மேல் தமிழில் ஒரு சீட்டு: "ஓவனில் வைக்கும் முன் கண்ணாடி அல்லது பீங்கான் கிண்ணத்துக்கு மாற்றவும்." இப்போது ஆர்டர் தொடர்கிறது. கிண்ணம் வாங்கிய செலவைக் குழுக் கணக்கில் தொழில் செலவாக எழுதியிருக்கிறார்கள், சரியான வேலை.

பாத்திரம் சரியாக இருந்தாலும் வைக்கிற முறை தப்பினால் கை வெந்துவிடும். மூடியை இறுக்கி அடைக்காதீர்கள். ஆவி போக வழி இல்லாவிட்டால் மூடி எகிறும். தட்டை லேசாகச் சாய்த்து மூடினால் போதும், எடுக்கும்போது முகத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திறங்கள். முட்டையை ஓட்டோடு வைக்கவே கூடாது, வெடிக்கும். உரித்த அவித்த முட்டையைத் திரும்பச் சூடாக்கினாலும் அப்படித்தான், வாயில் கடிக்கும்போது வெடித்த சம்பவமெல்லாம் உண்டு.

வெறும் தண்ணீரைச் சூடாக்குவதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. வழவழப்பான கப்பில் தண்ணீர் குமிழே விடாமல் கொதிநிலையைத் தாண்டிப் போய் அமைதியாக நிற்கும். டீத்தூளோ கரண்டியோ போட்ட அந்த நொடியில் குபீர் என்று பொங்கி முகத்தில் அடிக்கும். தண்ணீரை வைக்கும்போது சின்ன மரக்கரண்டி ஒன்றைக் கப்பில் போட்டு வையுங்கள். அதிக நேரம் ஓட்டாதீர்கள், நின்ற பிறகு அரை நிமிஷம் விட்டு எடுங்கள். மீறிச் சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்கள். மாவு, இங்க், பற்பசை எதுவும் பூச வேண்டாம்.

பால் பாட்டிலை ஓவனில் வைக்க வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஓவனில் சூடு ஒரே சீராகப் பரவாது. பாட்டில் வெளியே வெதுவெதுப்பாக இருக்கும், நடுவில் கொதித்துக்கொண்டிருக்கும். குழந்தையின் நாக்கு வெந்துவிடும். வெந்நீர்ப் பாத்திரத்தில் பாட்டிலை நிறுத்திச் சூடாக்கி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள். பெரியவர்கள் சாப்பாட்டையும் இதே காரணத்தால் பாதியில் நிறுத்திக் கிளறிவிட வேண்டும்.

"ரேடியேஷன் வருமாமே" என்று பயப்படுகிறவர்களுக்கு: இது எக்ஸ்-ரே மாதிரியான கதிர் அல்ல. பட்டனை அணைத்தால் விளக்கு அணைந்த மாதிரி அலையும் நின்றுவிடும், சாப்பாட்டில் எதுவும் தங்காது. கதவுக் கண்ணாடியில் கடுகு அளவு ஓட்டை போட்ட தகடு தெரிகிறதல்லவா? அலையின் நீளமோ அரைச் சாண், சுமார் 12 சென்டிமீட்டர். அந்த ஓட்டை வழியே வெளியே வராது. ஆனால் கதவு சரியாக மூடாத, உடைந்த ஓவனை ஓட்டவே வேண்டாம். உள்ளே ஏதாவது தீப்பிடித்தால் கதவைத் திறக்காமல் சுவிட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்குங்கள். திறந்தால் காற்றுப் புகுந்து தீ பெரிதாகும்.

வாங்க நினைக்கிறவர்கள் கவனிக்க: சில ஓவனில் கிரில், கன்வெக்‌ஷன் என்று கூடுதல் பட்டன் இருக்கும். அதை அமுக்கினால் உள்ளே நிஜமாகவே கம்பி சிவந்து அனல் அடிக்கும். அப்போது மைக்ரோவேவுக்கு உகந்த பிளாஸ்டிக்கும் உருகி வழியும், எந்த டப்பாவும் வேண்டாம். மூன்று முனை எர்த் உள்ள பெரிய பிளக் பாயிண்ட் வேண்டும். எக்ஸ்டென்ஷன் ஒயரில் மாட்டாதீர்கள்.

வீட்டு வேலைக்குப் போகிற அந்த உறுப்பினர், கூட்டம் முடிந்த மறுநாளே வீட்டம்மாவிடம் நேரடியாகக் கேட்டுவிட்டாராம்: "அம்மா, ஓவனுக்குன்னு எந்தக் கிண்ணம்னு எடுத்துக் காட்டுங்க, நான் அதை மட்டும் எடுக்கறேன்." அந்தம்மா இரண்டு பீங்கான் கப்பும் ஒரு கண்ணாடிக் கிண்ணமும் தனி அலமாரியில் எடுத்து வைத்திருக்கிறார். சம்பளப் பிடித்தம் பேச்சும் அதோடு நின்றது. வேலைக்குப் போகிற மற்றவர்களும் முதல் நாளே இதைக் கேட்டுவிடுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது வீட்டில் இருக்கிற பிளாஸ்டிக் டப்பா ஒன்றை ஆளுக்கொன்றாக எடுத்து வாருங்கள். அடியில் இருக்கிற எண்ணைச் சேர்ந்து படித்துப் பார்ப்போம்.